மாதிரி முழுங்கி

பருப்பைக் கடித்துப் பார்த்துத் துப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. பொட்டலத்தைப் பிரித்து நாலு மணி எடுத்து, கடைவாயில் வைத்து ஒரே கடி. டக்கென்று ஒடிந்தால் காய்ந்த சரக்கு. நசுங்கினால் ஈரம். பல்லில் மாவாக அப்பினால், போன வருஷத்துச் சரக்கைப் புதுச் சாக்கில் மாற்றிக் கொண்டுவந்திருக்கிறான் என்று அர்த்தம். அதோடு வாயின் வேலை முடிந்தது. இடது பக்கம் திரும்பிப் பித்தளைப் படிக்கத்தில் துப்பிவிட வேண்டும். ஒரு துணுக்குகூடத் தொண்டைக்குள் இறங்கக் கூடாது.

விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் கருவேலங்குளத்தில் பருப்புத் தரகர் அத்தனை பேருக்கும் இதுதான் சட்டம். எழுதி வைத்த சட்டம் இல்லை. அதனால் யாரும் மீறுவதும் இல்லை. முழுங்கினவன் நாக்கு சரக்குக்காரன் பக்கம் பேசும் என்பது எங்கள் நம்பிக்கை. அதைவிட முக்கியம், ஒரு நாளைக்கு நாற்பது மாதிரி வரும் கடையில் அத்தனையையும் முழுங்குகிறவனுக்கு மதியச் சாப்பாடு மிச்சம். அப்படி மிச்சம் பிடிக்கிறவன் என்று பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் கடைவீதியில் தலை நிமிர முடியாது.

அந்தப் பெயரை வாங்கியவன் ஒரே ஒருத்தன். தவசிமுத்து. என் மனைவி செல்வக்கனியின் தம்பி. கொள்முதலுக்காக குல்பர்கா, லாத்தூர், இந்தூர் என்று வருஷத்தில் பாதி நாள் ஊர் சுற்றுகிறவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், ஒவ்வொரு ஊரிலும் ஒரு சாப்பாட்டுக்கடை தன்னை நம்பி இருக்கிறது என்பான். பொட்டலத்தைப் பிரித்தால் கடிப்பான், கண்ணை மூடுவான், முழுங்குவான். "மாதிரி முழுங்கி" என்று பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். இன்னொரு முறை என் கடையில் முழுங்கினால் படியேறக் கூடாது என்று, ஏழெட்டு வியாபாரிகள் முன்னால் அவனிடம் சொன்னதும் நான்தான். அதற்குப் பிறகு என் கண்ணுக்குத் தெரிய அவன் துப்பினான். இந்தக் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று எனக்கே பதிமூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

முழுமணி வந்தது எட்டு வருஷத்துக்கு முன்னால். அப்போது வெயிலில் மாடுகள் பால் வற்றி நின்றன. கோழிக் காய்ச்சல் வந்து வந்து முட்டை, விருந்தாளிக்கு மட்டும் எடுக்கும் சாமானாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எடை பார்த்துவிட்டு, புரதம் போதவில்லை, தினம் இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் கொடுங்கள் என்று சீட்டு எழுதி அனுப்புவார்கள். பெற்றவர்கள் அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். வேறென்ன செய்வது.

அப்போதுதான் அமுதவிதை என்ற கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஒரு பிடி முழுமணிப் பருப்பு சாப்பிட்டால் அன்றைக்கு முட்டை, பால், மீன், கறி ஒன்றும் தேவையில்லை. அரைத்து அடை சுடலாம், சுண்டல் தாளிக்கலாம், வெல்லம் சேர்த்து உருண்டை பிடிக்கலாம், முறுக்கு பிழியலாம். பருப்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியைப் பூசியிருந்தார்கள். அது வயிற்றில் குடியேறிப் பருப்பைத் துளி வீணாகாமல் செரிக்கவைக்கும். எங்கள் ஊர்தான் முதல் சோதனை ஊர். பருப்பு ஊர்க்காரனுக்குப் பருப்பை விற்றுவிட்டால் உலகத்துக்கே விற்கலாம் என்று நினைத்தார்கள்; வியாபார புத்தி என்ற முறையில் அதில் நான் குற்றம் சொல்லமாட்டேன்.

ஒரே நிபந்தனை: முதல் தொண்ணூறு நாள் பத்தியம். வேறு பருப்பு, முட்டை, பால், மீன் எதுவும் வாயில் வைக்கக் கூடாது; தரகர்கள் மாதிரியைக் கடித்துத் துப்புவதற்கு மட்டும் விலக்கு. ஊரே இருந்தது. எங்கள் ஜனத்துக்கு இலவசமாக வந்ததன்மேல் இருக்கும் பக்தி சாமிமேல்கூட இருக்காது.

பிள்ளைகள் தேறினார்கள், அதை மறைக்கக் கூடாது. முதல் வருஷம் எடைபார்க்க வந்த நர்ஸ் தராசைத் தட்டிப் பார்த்தாள். இரண்டாம் வருஷம் செல்வக்கனி சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பொட்டலம் அவித்த கடலை வாங்கித் தின்றாள். பஸ் நகர்வதற்குள் உதடு பூரி மாதிரி உப்பி, தொண்டை அடைத்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தாள். அதே வாரம் ஊரில் இன்னும் பதினொரு பேர். ஒருத்தருக்கு மோர், ஒருத்தருக்குக் கருவாடு, ஒருத்தருக்கு வெறும் பாசிப்பயறுக் கஞ்சி.

கம்பெனியின் டாக்டர் ஜெனோவாதான் அதை எங்களுக்கு விளக்கிச் சொன்னாள். தூத்துக்குடிக்காரி. குடியிருக்க வந்தவன் வீட்டை எழுதி வாங்கிவிட்டான் என்றாள். அந்தக் கிருமிக்கு முழுமணி மட்டும்தான் சொந்தம். மற்ற எந்தப் புரதம் உள்ளே வந்தாலும் திருடன் வந்த மாதிரி உடம்பையே எழுப்பிவிடும். அரிசி, காயில் இருப்பது சொற்பம், அதைக் கண்டுகொள்ளாது; தரகர்கள் கடித்த வேகத்தில் துப்பி வாய் கொப்புளித்துவிட்டால் அந்தப் பருப்பையும் கண்டுகொள்ளாது. முழுமணியைக் கொடுக்காமல் விட்டாலோ மூன்று நாலு நாளில் பசியெடுத்து, வீட்டையே இடிக்கத் தொடங்கும். குடல் புண்ணாகி ரத்தமாகப் போகும்.

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. உடைத்த முழுமணிக்குப் பதினோரு நாள்தான் உயிர். பூசின கிருமி செத்ததும் அதுவும் வேற்றுப் பருப்பாகிவிடும். குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் சீக்கிரம் சாகும். உடைக்கும் ஆலை எங்கள் ஊரில் மட்டும்தான். வழக்குப் போட்டோம். ஆலையை மூடக் கூடாது, பருப்பை நிறுத்தக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று வெடி போட்டார்கள். ஆயுள் முழுக்கச் சாப்பாடு போடு என்று கேட்டு வாங்கிய ஜெயிலுக்கு வேறு எங்கே வெடி போடுவார்கள்.

ஆக, எங்கள் ஊர்க்காரன் ஒவ்வொருத்தன் இடுப்பிலும் பதினோரு நாள் நீளத்துக்கு ஒரு கயிறு. தேனிலவுக்குப் போகிறவன் அஞ்சு நாள் போக, அஞ்சு நாள் வர, ஒரு நாள் கூடக் குறையப் பார்த்துக்கொள்வான். கீழத்தெரு ரத்தினவேல் துபாயில் மகன் வீட்டில் இன்னும் ரெண்டு நாள் இன்னும் ரெண்டு நாள் என்று இருந்தார். பதினாறாம் நாள் பெட்டியில் வந்தார். டாக்டர் ஜெனோவாவும் எங்களோடு மாட்டிக்கொண்டவள்தான். சோதனைக்கு வந்த டாக்டரே சாப்பிடாவிட்டால் ஜனங்கள் எப்படி நம்பும் என்று முதல் நாளே சாப்பிட்டவள். "எங்க வீடு நெத்திலி காயப்போடுற வீடு அண்ணாச்சி. அம்மாவப் பாக்கப் போனா வாசல்லயே மூஞ்சி வீங்குது. ரோட்டுல நின்னு பேசிட்டு வாரேன்" என்று ஒருமுறை சொன்னாள். கம்பெனியை விட்டுவிட்டு இங்கேயே கிளினிக் வைத்துவிட்டாள். போக வேறு ஊர் எது.

இதுவரை சொன்னது எல்லோருடைய கதை. இனி என் மகள் யாழரசியின் கதை.

யாழரசிக்குக் கடல்மேல் பைத்தியம். கடலே இல்லாத ஊரில் பிறந்ததால் வந்த வினையாக இருக்கலாம். மதுரையில் கடலுயிர் படித்தாள். டப்பாவில் முழுமணி உருண்டையைக் கட்டிக்கொண்டு தினம் போய் வந்தாள். படிப்பு முடிந்து, கொச்சியிலிருந்து தென்கடலுக்குப் புறப்படும் ஆராய்ச்சிக் கப்பலுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். வேலை கிடைத்துவிட்டது. பதினான்கு மாதப் பயணம். நடுவில் இரண்டு மாதம் கரையே கிடையாது. பங்குனியில் கப்பல் ஏற வேண்டும். கடிதம் வந்தது ஐப்பசியில்.

கடிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு நின்றாள். இது நடக்குமா பாப்பா என்று கேட்டேன். நடக்காது என்று அவளே சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்துக் கேட்டது. தரகன் புத்தி, எதிராளி வாயிலிருந்து விலை வரட்டும் என்று.

"நான் போகத்தான்ப்பா போறேன். பதினோரு நாள் கப்பல்ல இருந்தாலும் இருந்தேன்னு இருக்கும்."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். நாலு நாள் கழித்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சிட்டிகை பொட்டுக்கடலை மாவை நாக்கில் வைத்து முழுங்கிப் பழகிப் பார்த்திருக்கிறாள். செல்வக்கனி கதவை உடைக்காத குறை. டாக்டர் ஊசி போட்டுத் தொண்டையைத் திறந்தாள். கண் விழித்ததும் மகள் கேட்டது, நாளைக்கு அரைச் சிட்டிகை வைத்துப் பார்க்கலாமா என்றுதான். அவள் போகப்போகிறாள், போனால் பதினாறாம் நாள் பெட்டியில் வருவாள் என்பது அன்றைக்கு எனக்கு உறுதியாகிவிட்டது.

டாக்டர் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். வெளியூர்க்காரர்கள் வயிற்றுக் கிருமிகளை எடுத்து எங்கள் வயிற்றில் வளர்க்கப் பார்த்தாள். இரண்டு நாளில் முழுமணிக் கிருமி அத்தனையையும் துரத்திவிட்டது. மார்கழி பிறந்தது.

மார்கழியில்தான் தவசிமுத்து காணாமல் போனான். குல்பர்காவுக்குக் கொள்முதலுக்குப் போனவன், டப்பாவில் பத்து நாள் முழுமணி கொண்டுபோயிருந்தான். அங்கே ஆற்றில் வெள்ளம், பாலம் போய்விட்டது, போன் இல்லை. பதினோராம் நாள் செல்வக்கனி வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். பதினைந்தாம் நாள் அழுது முடித்தாள். பதினேழாம் நாள் அவன் போட்டோவைத் தேடி எடுத்து, எந்த அளவில் சட்டம் போடுவது என்று என்னைக் கேட்டாள்.

பத்தொன்பதாம் நாள் மதியம் லாரியிலிருந்து குதித்து உள்ளே வந்தான். கன்னம் உப்பி, தொந்தி ஒரு சுற்று பெருத்து, கல்யாண வீட்டிலிருந்து வருகிறவனைப் போல. உட்கார நாற்காலி கேட்டான். செல்வக்கனி ஓடிப்போய்க் கையைப் பிடித்தவள், சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். எங்களுக்கெல்லாம் அப்போது அந்த வாசனை அரை மைலுக்கு வரும்.

"முட்டை தின்னியாடா நீ?" என்றேன்.

"ரோட்டோரம் ஆம்லெட் கட அத்தான். வேற என்ன கெடைக்கும்."

"வேற என்னென்ன தின்ன?"

"கடல உருண்ட. ஒரு நாள் லாரிக்காரன் ஆட்டுக்கால் சூப்பு வாங்கிக் குடுத்தான். நல்லாருந்துச்சி."

நான் அவன் தொண்டையைப் பார்த்தேன். அவன் என் மேஜைக்குப் பக்கத்தில் இருந்த படிக்கத்தைப் பார்த்தான். முப்பது வருஷம் முகம் பார்த்துப் பிழைத்தவன் நான். அந்த ஒரு பார்வை போதும்.

"நீ துப்புறதே இல்லல்ல?"

"உங்க முன்னால துப்புவேன் அத்தான். கொஞ்சம்."

அப்படியென்றால் ஏழு வருஷமாக அவனுக்கு எல்லாம் ஒத்துக்கொள்கிறது. போகிற ஊரிலெல்லாம் மீனும் முட்டையும் தின்று, வாசனை தெரியாமல் குளித்து வாய் கொப்புளித்துவிட்டு ஊருக்குள் வந்து, எங்களோடு உட்கார்ந்து முழுமணிச் சுண்டலும் தின்றிருக்கிறான். ஊரே கயிற்றில் கட்டிக் கிடக்கும்போது ஏன்டா வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"எப்புடின்னு கேப்பீங்க. மாதிரிய முழுங்குறேன்னு ஒத்துக்கிடணும். படியேறக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்கள்ல."

செல்வக்கனி என்னைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்தது கிடையாது. இனி பார்க்க வேண்டியதும் இல்லை, ஒரு தடவையே ஆயுசுக்குப் போதும்.

அவனைக் கையோடு கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். டாக்டர் ஜெனோவா மூன்று நாள் என்னென்னவோ எடுத்துச் சோதித்தாள். நாலாம் நாள் எங்களை உட்காரவைத்துச் சொன்னாள்.

பத்தியத் தொண்ணூறு நாளும் ஊரெல்லாம் வாயைக் கட்டியபோது இவன் மட்டும் தினம் நாற்பது விதப் பருப்பில் நாலு நாலு மணி முழுங்கியிருக்கிறான். முழுமணிக் கிருமி குடிவரும்போதே வீட்டில் ஆள் இருந்திருக்கிறது. சண்டை போட்டு, சமாதானமாகி, இரண்டும் சேர்ந்து வாழப் பழகிவிட்டன.

"வாடகைக்காரனையும் வச்சிக்கிட்டு வீட்டையும் விட்டுக் குடுக்காத வயிறு அண்ணாச்சி. வெளியூர்க்காரவுக வயித்துல இருக்கது முழுமணிக் கிருமிய எதுக்க முடியாது. இவுக வயித்துல இருக்கதுக்கு அதோட குடும்பம் நடத்தத் தெரியும். ஊர்லயே இது ஒண்ணுதான் இருக்கு."

அதை எப்படி எடுத்து எங்களுக்குக் கொடுப்பது என்று கேட்டேன்.  வயிற்றில் இருப்பது வெளியே வரும் வழி ஒன்றுதானே என்றாள் டாக்டர். காலையில் அவன் கழிப்பதை எடுத்து, சுத்தம் செய்து, வடித்து, கேப்சூல் குப்பியில் அடைத்து, நாற்பது நாள் முழுங்க வேண்டும்.

நான் சிரிக்கவில்லை. தவசிமுத்து சிரித்தான். மாதிரியை முழுங்கினான் என்று படியேற விடாதவனின் குடும்பம், அவன் முழுங்கியதை இன்னொரு சுற்று முழுங்கப் போகிறது. நான் வேறு யாராவதாக இருந்திருந்தால் கடைவீதியில் ஒரு வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

"நீதான் மனசு வைக்கணும் மாப்ளே" என்றேன். அந்த வார்த்தை என் வாயில் நசுங்கின பருப்பாக ஒட்டியது.

"துண்ட எடுங்க அத்தான்" என்றான்.

எங்கள் கடைவீதியில் விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு பேர் கையையும் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். பிடிக்கும் விரல்தான் எண்ணிக்கை. முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. வெளியே ஆயிரம் பொய் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். துண்டுக்குள் பொய் விரல் பிடித்தவனோடு யாரும் மறுபடி கை கோக்கமாட்டார்கள். நான் ஒருநாளும் பிடித்ததில்லை.

எதற்கு என்ன கேட்கப்போகிறான் என்று தெரியாமல் துண்டைப் போட்டேன். உள்ளே அவன் கை ஈரமாக இருந்தது. என் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்தான். ஒன்று.

"ஒண்ணுன்னா என்னடா?"

"ஒரு மாதிரி. உங்களுக்குச் சரியான பெறகு, நம்ம கடையில, எல்லாரும் இருக்கும்போது, ஒரு மாதிரிய நீங்க முழுங்கணும். அவ்வளவுதான்."

வேறு எதைக் கேட்டிருந்தாலும் பேரம் பேசியிருப்பேன். அதற்கு மட்டும் பேசத் தோன்றவில்லை. விரலை இறுக்கினேன். முடிந்தது.

யாழரசிக்குத்தான் முதல் குப்பி. அவள் முகம் சுளிக்காமல் முழுங்கினாள். மாமா ஊர் ஊராகத் தின்றதெல்லாம் வீண்போகவில்லை என்று கேலி வேறு. நாற்பதாம் நாள் டாக்டர் ஊசியைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு, அரை வேர்க்கடலையை அவள் நாக்கில் வைத்தாள். செல்வக்கனி வெளியே போய் நின்றுகொண்டாள். கடிகாரத்தில் அரை மணி போக நாங்கள் பார்த்தோம். உதடு உதடாகவே இருந்தது. மறுநாள் ஒரு கடலை, அடுத்த நாள் ஒரு கைப்பிடி சுண்டல், அந்த வாரக் கடைசியில் அவித்த முட்டை. பங்குனியில் ரயிலேறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, மிளகுப் பொடி தூவி முட்டையைக் கடித்துக்கொண்டே கையாட்டினாள். அந்த வாசனைக்கு எனக்குக் கண் எரிந்தது. எனக்கு இன்னும் குப்பி வரவில்லை. கண் எரிந்தது வாசனைக்குத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

விஷயம் ஊருக்குத் தெரிய ஒரு நாள்கூட ஆகவில்லை, அரை நாள் போதுமாயிருந்தது. கிளினிக் வாசலில் வரிசை நின்றது. கம்பெனிக்காரர்கள் ஓடி வந்து, தங்கள் பெயர்ப் பலகையோடு ஒரு கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள். டாக்டர் அதற்கும் முன்னாலேயே ஒன்றைச் சோதித்திருந்தாள். யாழரசி வயிற்றிலிருந்து எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்துப் பார்த்தாள். பிடிக்கவில்லை. கடன் வாங்கின உறைமோரில் வீட்டுப் பால் உறைந்தது. அந்தத் தயிரை எடுத்து அடுத்த வீட்டுக்கு உறை ஊற்றினால் தண்ணீராகத் திரிந்துபோகிறது. இவன் ஒருத்தனிடமிருந்துதான் எல்லோரும் எடுக்க வேண்டும். ஒரு நாளில் கிடைப்பது மூன்று பேருக்கு நாற்பது நாளுக்கும் போதும். அவனுக்குச் சாப்பாடு அதிகம் கொடுத்தால் அதிகம் வருமா என்று யாரோ கேட்டதற்கு டாக்டர் வரிசையில் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

தவசிமுத்து அடுத்த கொள்முதலுக்குக் கிளம்பினான். பஸ் கண்டக்டர் டிக்கெட் தரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு, எம்மவ பேரு வரிசைல இருக்கு அண்ணாச்சி, நீங்க போன எடத்துல ஒண்ணு ஆயிருச்சின்னா என்ன செய்வோம் என்றான். லாரிக்காரர்கள் ஏற்றவில்லை. ஆட்டோக்காரன் ரயிலடிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மறுபடி வீட்டிலேயே கொண்டுவந்து விட்டான். யாரும் அதட்டவில்லை, மிரட்டவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லோரும் சாப்பிட்டாச்சா என்று விசாரித்தார்கள். கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்தால் அவன் உடைத்திருப்பான்.

அப்புறம் சாப்பாடு. அவன் வயிற்றில் இருக்கும் சமாதானம் கலையக் கூடாது என்று டாக்டர் அட்டவணை போட்டாள். காலையில் முழுமணி அடை, மதியம் சோறும் முழுமணிக் குழம்பும். நடுவில் நாற்பது பொட்டலம், பொட்டலத்துக்கு நாலு மணி, முழுங்க வேண்டும். ஆம்லெட் இல்லை, சூப்பு இல்லை, வெளிக்கடைப் பண்டம் எதுவுமே இல்லை. ஒரு வயிற்றுப்போக்கு வந்தால் ஊருக்கே நாள் தள்ளிப்போகும். அந்த அட்டவணையை எழுதிக் கொடுத்த அன்றைக்கு டாக்டர் தன் பெயரை வரிசையில் கடைசிக்கு மாற்றிக்கொண்டாள். 

என் முறை ஆவணியில் வந்தது. நாற்பது நாள் முழுங்கினேன். பேச்சுப்படி ஒரு திங்கட்கிழமை, கடை நிறைய ஆள் இருக்கும்போது, தவசிமுத்துவைக் கூட்டிவந்து உட்காரவைத்து, லாத்தூர்த் துவரையில் நாலு மணி எடுத்துக் கடித்தேன். டக்கென்று ஒடிந்தது. நல்ல சரக்கு. பழக்கத்தில் தலை இடது பக்கம் திரும்பிவிட்டது. கழுத்தைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி நேராக்கி முழுங்கினேன். முப்பது வருஷமாகக் கடித்த பருப்பு உள்ளே போனால் என்ன ருசி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் லேசாக இனிக்கிறது. இத்தனை வருஷமும் அந்த இனிப்பு வருவதற்கு முன்னாலேயே துப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. தவசிமுத்துகூட.

இப்போது கொள்முதலுக்கு நான்தான் போகிறேன். குல்பர்கா, லாத்தூர், இந்தூர். அவனை நம்பியிருந்த சாப்பாட்டுக்கடைகளுக்கெல்லாம் போய் உட்காருகிறேன். அவர் ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள். ஊரில் முக்கியமான வேலையில் இருக்கிறார் என்று சொல்கிறேன்.

போன வாரம் திரும்பி வந்ததும் அவனைப் பார்க்கப் போனேன். கம்பெனி கட்டிக் கொடுத்த கட்டடத்தில் நல்ல காற்றோட்டமான மாடி அறை. மேஜையில் நாற்பது பொட்டலம் வரிசையாக இருந்தது. மெலிந்திருந்தான். யாழரசி கப்பலிலிருந்து அனுப்பிய படத்தைக் காட்டினேன்; ஏதோ பெரிய மீனைக் கையில் தூக்கிப் பிடித்திருக்கிறாள். நெடுநேரம் பார்த்தான். குழம்பு வைத்தார்களா வறுத்தார்களா என்று கேட்டான். தெரியாது என்றேன். பிறகு, நான் வழியில் என்னென்ன சாப்பிட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லவைத்தான். ஆம்லெட்டில் வெங்காயத்தைப் பொடியாக அரிந்தானா, பெரிசாகவா. சூப்பில் மிளகு தூக்கலா. நான் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டான், மாதிரி முழுங்கும்போது மூடுவானே, அப்படி.

கண்ணைத் திறந்து கேட்டான்.

"டாக்டரம்மா சொல்ல மாட்டேங்குது. வரிசை எவ்வளவு நீளம்னு நீங்க பாத்திருப்பீங்க. இன்னும் எத்தன வருஷம் அத்தான்?"

பார்த்திருந்தேன். இன்னும் பத்தொன்பதாயிரம் பேர். நாளைக்கு மூன்று பேர். பதினேழு வருஷத்துக்கு மேல். அவனுக்கு இப்போது ஐம்பத்திரண்டு.

நான் வாயைத் திறப்பதற்குள், "வாயால வேணாம்" என்று தோளிலிருந்த என் துண்டை இழுத்துத் தன் கைமேல் போட்டான்.

உள்ளே கையை விட்டேன். அவன் கை விரித்தபடி காத்திருந்தது. அஞ்சு விரலையும் மூன்று தடவை பிடித்துவிட்டு இன்னும் இரண்டு விரல் பிடிக்க வேண்டும். நான் அவன் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்தேன். ஒன்று.

அவனும் தரகன்தான். நாளைக்கு மூன்று பேர் என்பது அவனுக்குத் தெரியும். ஊரில் எத்தனை தலை என்பதும் தெரியும்.

"சல்லிசா இருக்கே அத்தான்" என்றான். "முடிச்சிக்கிடுவோம்."

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. துண்டுக்குள் மட்டும் என் கையை அவன் விடவில்லை.